உள்ளே யாரைத் தெரியும்

அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில்
பதினெட்டுப் பிரதி எடுத்தேன் பயோடேட்டா.
காசு கொடுத்த பிறகுதான் பார்த்தேன்,
தமயந்தி என்பதைத் தயமந்தி என்று அடித்திருந்தார்கள்.
பேனாவால் திருத்தினேன்.
பதினெட்டிலும் என் பெயருக்கு மேல்
ஒரு சின்ன அம்புக்குறி.

கெமிக்கல், மூன்றாம் ஆண்டு.
முப்பது நாள் பயிற்சி, லெட்டர்ஹெட்டில் சான்றிதழ்,
ஜூன் இருபதுக்குள் துறைத்தலைவர் மேசைக்கு.
எங்கே கிடைக்கும் என்பது
சுற்றறிக்கையில் இல்லை.

சேலத்தில் ஏப்ரலை
வாட்ச்மேன்களை வைத்து எண்ணினேன்.
மேக்னசைட் பக்கம் இருந்தவர்
வெள்ளைத் தூசி படிந்த ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி
ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து
இல்லை என்றார்.
சிட்கோ ஷெட்டில் இருந்தவர்
தண்ணீர் கொடுக்காமல் இல்லை என்றார்.
இரும்பாலை ரோட்டில் ஒரு கேட்டில் ரிஜிஸ்டர் இருந்தது:
பெயர், ஊர், நேரம், பார்க்க வேண்டியவர்.
மூன்றை நிரப்பினேன்.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.
"உள்ளே யாரைத் தெரியும்?"

ரிஸ்வானாவுக்குச் சித்தப்பாவைத் தெரியும்.
கோகுலவாசனுக்கு அப்பாவையே தெரியும்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எங்கள் அப்பாவின் தண்ணி லாரி நிற்கும் இடங்கள்.
அதில் கம்பெனி ஒன்றும் இல்லை,
கல்யாண மண்டபங்கள்தான்.

நாலு ரோட்டில், மாடியில் ஒரு ஆபீஸ்.
ஏசி. மேசையில் பிளாஸ்டிக் ஆர்க்கிட்.
"ரெண்டாயிரத்து ஐநூறு. நீங்க வரவே வேண்டாம்.
ரிப்போர்ட்டும் நாங்களே தந்துருவோம்."
எந்தக் கம்பெனி என்று கேட்டேன்.
"உங்களுக்கு எது வேணும்?"
அந்த மாதம் முழுக்க
எது வேண்டும் என்று என்னைக் கேட்டவர்
அவர் ஒருவர்தான்.
படியிறங்கும்போது கால் கொஞ்சம் இழுத்தது,
அதை மறைக்க மாட்டேன்.
கையில் எண்ணூறு ரூபாய்தான் இருந்தது என்பதையும்.

பதினைந்தாவது பிரதி
ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனது.
மேனேஜர் குணசீலன் அதைப் படிக்கவில்லை,
விசிறிக்கொண்டார். கரண்ட் போயிருந்தது.
"வாடை தாங்குவியா?"
தாங்குவேன்.
"சம்பளம் கெடையாது."
தெரியும்.
"நாளைக்கு எட்டு மணி."
கரண்ட் இருந்திருந்தால் படித்திருப்பார்.
படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கழிவுநீர்த் தொட்டி மூன்று.
காலையும் மாலையும் பி.எச். பார்ப்பது என் வேலை.
புளித்த மாவுக்கும் அழுகிய முட்டைக்கும் நடுவே
பெயர் இல்லாத ஒன்று
முடிக்குள் ஏறிக்கொள்கிறது.
சாயங்கால பஸ்ஸில்
பக்கத்து சீட் அக்கா எழுந்து போய்விடுகிறார்.
மூன்று பேர் சீட்டில் நான் மட்டும், ஜன்னலோரம்.
ஏற்காடு மலை மேல் மழை இறங்குவது தெரிகிறது.
இங்கே ஒரு சொட்டு இல்லை.
வீட்டுக்குள் போகும் முன்பே
அம்மா வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறாள்.

ஒன்பதாம் நாள்.
மூன்றாம் தொட்டி, வாய்க்காலுக்குப் போகிற தண்ணீர்.
தாளை நனைத்தேன். ஆரஞ்சு.
நாலரைக்கும் கீழே.
மேனேஜர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.
"ஏழுன்னு எழுதிக்க கண்ணு.
நாளைக்கு எப்படியும் சுண்ணாம்பு போடப் போறோம்."
குரலில் கடுமை இல்லை.
பிஸ்கெட் பாக்கெட்டைக்கூட நீட்டினார்.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.

சான்றிதழில் கையெழுத்து இவருடையது.
இன்னும் இருபத்தோரு நாள்.

நோட்டில் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன்,
தொட்டி எண் எழுதினேன்.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.
மூடி வைத்துவிட்டு
ஈரம் காயாத தாளையே
அந்தக் கட்டத்தில் ஒட்டினேன்.
பசைக்கா பஞ்சம், ஜவ்வரிசி ஆலையில்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது,
நோட்டை அவர் மேசையிலேயே விட்டு வந்தேன்.

நாளைக்கும் எட்டு மணி.
அந்த ஆரஞ்சு அப்படியே இருக்குமா,
அந்தப் பக்கம் இருக்குமா,
தெரியவில்லை.