கிகுயு, பதினாறு கட்டு

பால் சொசைட்டிப் பேரேட்டில்
தீவனத்துக்கு ஒரு பத்தி உண்டு.
பதினொரு வருஷமாக எழுதுகிறேன்:
கிகுயு, பன்னிரண்டு கட்டு. கிகுயு, ஒன்பது.
தவிடு போல, பருத்திக்கொட்டை போல
அதுவும் ஒரு சரக்கு.
ஏதோ கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அன்று வெலிங்டனில் மூடுபனி
கேன் மூடிவரை இறங்கியிருந்தது.
தலைச்சுமையோடு ஹாலண்ணன் வர,
"கிகுயு எத்தனை?" என்று கத்தினேன்.
பால் வாங்க நின்ற வரிசையில் ஒருத்தி
வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல்
வெடுக்கென்று திரும்பினாள்.

ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வந்திருக்கும்
கென்ய மேஜரின் மனைவி.
தினமும் அரை லிட்டர், சரியான சில்லறை.
"அது புல் இல்லை" என்றாள்,
நெஞ்சில் கை வைத்து.
"அது நாங்கள்."

என் ஆங்கிலம் தபால் ஆபீஸ்வரை போகும்.
அவள் தமிழ் தக்காளிக் கடைவரை.
இடையில் கிடந்த மேட்டில்
அவர்கள் ஊரில் புல்லுக்கு உள்ள சொல்லை வைத்தாள்:
ஞெகி.
ஹாலண்ணன் தன் படகப் பேச்சில் ஹுல்லு என்றார்.
நான் புல் என்றேன்.
வாசலில் கட்டியிருந்த மாடு
மூன்றையும் தின்றது.

ஆறு மாதமாக ரசீதில்
நியாம்புரா என்று இழுத்திருந்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்: ஞாம்புரா.
மழைக்காரி என்று அர்த்தமாம்.
ஞாயிறு, ஞாபகம், ஞானஸ்நானம்,
இதற்கு மேல் ஜோலியற்றுக் கிடந்த எழுத்து
எழுந்து முகம் கழுவிக்கொண்டது.
ம்-க்குப் பின் வந்த பு
யாரும் சொல்லாமலே குழைந்தது.
கெகொயொ மட்டும் சரியாக வரவில்லை.
சொல்லின் தலையில் நிற்கும் க
எங்களிடம் எப்போதும் கொஞ்சம் முரடு.

புல்லுக்கு உங்கள் பெயரை வைத்தது யார்?
"நிலத்தை வாங்காமல் எடுத்தவர்கள்."
எடுத்த இடத்திலேயே பிறகு கூலி வேலை.
சால்வை நுனியை நெற்றியில் வைத்துக் காட்டினாள்,
கூடைப் பட்டி.
சொல்வதற்குள் தெரிந்துவிட்டது எனக்கு.
அவள் அம்மா லிமுருவில் கொழுந்து பறித்தவள்.
என் அம்மா கோத்தகிரியில், ஒன்பதாம் நம்பர் காட்டில்.

நிறுவை நேரத்துப் பாட்டு ஒன்றை
கேன் மூடியில் தட்டிப் பாடினாள்.
ஒருத்தி எறிய மற்றவர்கள் பிடிக்கும் பாட்டு.
கேட்க ஜெபம் போல இருந்தது.
அர்த்தம் சொன்னபோது வரிசையே சிரித்தது:
தராசுக்காரா, உன் கட்டைவிரல் எத்தனை கிலோ,
இலையோடு அதையும் விற்கிறாயா?
அவனுக்கு அந்த மொழி தெரியாது.
தலையாட்டிக்கொண்டே குறைத்து எழுதுவான்.
பேனா இல்லாதவர்கள் பாட்டிலேயே
கணக்கு வைத்தார்கள்:
நேற்று இரண்டு, இன்று மூன்று,
மொதோனியின் கூடையில் ஐந்து.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"நாங்க எங்கடி பாடினோம்?" என்றாள்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கணக்கப்பிள்ளைக்கு அந்த நாளில் வைத்த
பட்டப்பெயரைச் சொன்னாள்.
முப்பது வருஷப் பழைய கெட்ட வார்த்தை,
மெட்டோடு.

அதற்குப் பிறகு
பாலை அளக்கும்போதெல்லாம்
என் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் கோர்ஸ் முடிந்து போய்விட்டார்கள்.
ஞாம்புரா பெயரில் இன்னும் நிற்கிறது
இரண்டு ரூபாய், நான் தர வேண்டியது.

தணிக்கைக்கு வந்தவர்
கெகொயொ என்று நான் மாற்றிய இடமெல்லாம்
சிவப்பு வட்டம் போட்டார்.
புதுத் தீவனமா, டெண்டர் விட்டீங்களா?
இல்லை சார், அது ஆட்களோட பெயர்.
"ஆட்களைக் கட்டு கட்டாவாம்மா எழுதுவாங்க?"

இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
வெளியே தூறல் கனக்க
ஹாலண்ணன் கத்துகிறார்:
பதினாறு, எழுதிக்கம்மா, நனையுது.