ஐந்து படி

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகரவில்லை.
நீதிபதியாக நடிக்கும் மகிபாலன்
நாற்பது நிமிடம் தாமதம்.
அதுவரை அவன் வசனத்தைப்
பெனிட்டா படித்தாள், கீழே இருந்தபடி.

மேடைக்கு ஐந்து படி.
அவளுக்குச் சக்கர நாற்காலி.
"ப்ராம்ப்டிங் போதும் சார்" என்று
முதல் வாரமே சொல்லியிருந்தாள்.
நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.
அன்றுதான் சமத்துவம் பற்றி
மூன்று பக்கம் நோட்ஸ் கொடுத்தேன்.

"சாட்சி ஆஜராகியுள்ளாரா?" என்பது பிரதி.
"இன்னாபா, சாட்சி வந்துகிறானா இல்லியா?"
என்றாள் காசிமேட்டுக்காரி.
திருத்த வாயெடுத்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
கூண்டில் நின்ற பையன்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்,
அப்படி நான் சொல்லித் தரவேயில்லை.

வியர்வையோடு வந்த மகிபாலன்
வாசலிலேயே நின்று கேட்டான்.
"அவளே பண்ணட்டும் சார்.
நான் டவாலி."

லைட் போடும் முபாரக்
பெஞ்சுகளை மேடைமேல் இழுக்கத் தொடங்கினான்,
தரை அதிர, என்னைக் கேட்காமல்.
பார்க்க வருகிறவர்கள் மேலே.
நாடகம் கீழே.

முதல்வர் ஐந்து படி ஏற வேண்டும்.
அவருக்கு முழங்கால் வலி.
அதற்கு என்ன வழி என்று
பெனிட்டாதான்
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒரு சாய்தளம் வரைந்துகொண்டிருக்கிறாள்.