ரிஜெக்ட் டின்

நசுங்கிய டின்னில் மாங்கூழ் நிரப்ப மாட்டார்கள்.
கம்பெனிக்குப் பின்னால் குவித்து
மாதம் ஒருமுறை எடைக்குப் போடுவார்கள்.
கேட் பாஸ் எழுதுகிறவள் நான்தான்.
‘மூன்று கிலோ டின், ஒன்று, சொந்த உபயோகம்’ என்று
எனக்கே எழுதிக்கொண்டு வெளியே வந்தபோது
வாட்ச்மேன் திம்மராயன் கேட்டார்,
அரிசி போட்டு வைக்கவா?
ஆமாம் என்றேன்.
இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது.

உள்ளே கறுப்புப் பெயிண்ட்.
பக்கவாட்டில் ஆணியால் ஒரு பொத்தல்,
பொத்தலின் மேல் கூல்டிரிங்ஸ் கேனில் வெட்டிய தகடு,
தகட்டில் பத்தாம் நம்பர் ஊசியின் முனை.
முனை மட்டும்.
அந்த ‘மட்டும்’ கைக்கு வர ஏழு தகடு செலவானது.
ஊசி ஒரு நூல் கூடுதலாக இறங்கினாலும்
வெளிச்சம் சந்தைக் கூட்டமாய் முண்டியடித்து நுழையும்,
மலை மலையாக நிற்காது.

முதல் காகிதம் முழுக்கக் கறுப்பு. மூடி கசிந்திருக்கிறது.
இரண்டாவது முழுக்க வெள்ளை.
பொத்தலில் ஒட்டிய டேப்பைப் பிரிக்க மறந்திருக்கிறேன்.
மூன்றாவதில் இருப்பது மாமரமா என் கட்டைவிரலா என்று
சாப்பாட்டு நேரம் முழுக்க ரிஹானாவோடு சண்டை.
அவள் மூடி அடிக்கும் மெஷினில் நிற்கிறவள்.
டின்னைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து
‘எங்களுக்குக் கசிஞ்சா கூழ் பொங்கும்,
உனக்கு வெளிச்சம் பொங்குது, அவ்வளவுதான்’ என்று
சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டித் தந்தாள்.

குளியலறைதான் இருட்டறை.
சிவப்பு ஜீரோ வாட் பல்பு,
காபித் தூள், சலவைச் சோடா.
வாடை தாங்காமல் ஹவுஸ் ஓனரம்மா மாடியேறி வந்து
கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்,
உள்ள என்னம்மா காய்ச்சறே?
என்ன சொல்ல.
கோட்டை மலையைக் காய்ச்சுகிறேன் என்றா.

செலவை மட்டும் விடாமல் எழுதினேன், பழக்கதோஷம்.
பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து:
காகிதம். ஹைப்போ. சேலம் போய்வர பஸ்.
வரவு என்று கோடு போட்டு, அதன் கீழே ஒன்றுமில்லை.
முன்னாலிருந்து பாலும் பின்னாலிருந்து படமும்
ஏதோ ஒரு பக்கத்தில் முட்டிக்கொள்ளப் போகின்றன.
நோட்டு மெலிசு.

பிறகு சீசன் வந்தது.
பர்கூர் ரோடுவரை லாரி.
பெங்களூரா, பெங்களூரா, பெங்களூரா.
பன்னிரண்டு மணி நேரம் எழுதிவிட்டு வந்தால்
ஊசி பிடிக்க விரலில் தெம்பில்லை.
நாமெல்லாம் இதற்கு ஆக மாட்டோம் என்று ஒருநாள்
பல் தேய்க்கும்போது தோன்றியது. அழக்கூட இல்லை.
அன்று காலைதான் டின்னில் ஒரு காகிதம் வைத்து
கிழக்கே பார்த்து
மாடித் தண்ணீர்க் குழாயோடு கட்டி
டேப்பைப் பிரித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன்.
அப்புறம் மறந்துவிட்டேன் என்றால்
அது இரண்டாவது பொய்.

ஐம்பத்திரண்டாம் நாள் பாய்லர் ரிப்பேர், அரைநாள் லீவு.
திறந்தேன்.
எதையும் காய்ச்ச வேண்டியிருக்கவில்லை.
பழுப்பும் நாவல்பழ நிறமுமாய்
வில்லாக வளைந்த கோட்டை மலை,
அதன் தோளிலிருந்து கோடு கோடாக ஏறும் சூரியன்,
நாளுக்கு ஒன்று.
நான் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்த காலைகளை
டின் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு சிக்கல்.
கழுவாத காகிதம், காட்டக் காட்டக் கறுக்கும்.
கழுவினால் வெளிறும்.
பெட்டியில் பூட்டினால் அப்படியே இருக்கும்,
யாரும் பார்க்காமல்.
இரண்டு நாள் யோசித்தேன்.
குடைத் துணியில் சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன்.

ரிஹானா பத்து எண்ணும்வரை பார்த்தாள். மூடினேன்.
திம்மராயன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
விரல் படாமல் கோடுகளை எண்ணினார்.
ஒரு கோடு விட்டுப்போன இடத்தில் நின்றார்.
கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
‘மே பதினாலு. விடிகாலை மழை. ஏழு லோடு நனைஞ்சுது.’
அடுத்த இடைவெளிக்கும் ஒரு லாரி நம்பர் இருந்தது அவரிடம்.
ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.
துணி என் கையிலேயே இருந்தது.
அவர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கேட்டருகே, அவர் நாற்காலிக்கு அடியில்,
நசுங்கிய டின் நாலு, கழுவிக் கவிழ்த்து.
‘அரிசிக்கு’ என்றார்,
சிரிக்காமல்.