திருத்தம்

இரவு ஒன்பது நாற்பதுக்கு
ஆமர் வீதிச் சந்தியில் ரெஜினோல்ட் செத்துப்போனார்.
மூன்று இணையத்தளங்கள். கவிழ்ந்த ஆட்டோ.
கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம்.
பத்து மணிக்குள் நாலாயிரம் பேர் அழுதுவிட்டார்கள்.

நாங்கள் மட்டும்தான் இன்னும் போடேல்ல என்றான் நிக்ஸன்.
சுவரில் தொங்கும் திரையில்
எங்கள் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.
கீழே அச்சு இயந்திரம்
பன்னிரண்டுக்குப் பிறகுதான் எழும்பும்.
முன்பெல்லாம் பொய்யும்
அதுவரை காத்திருக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரிக்கு எடுத்தேன். அப்படி ஒருவர் வரவில்லை.
பொலிஸுக்கு எடுத்தேன். லைனில் நிற்கச் சொன்னார்கள்,
நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.
பிறகு, வெட்கமாகத்தான் இருந்தது,
செத்தவரின் நம்பருக்கே எடுத்தேன்.

"ஹலோ" என்றார்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.
"கால் மட்டும் சுளுக்கு, தங்கச்சி."

நீங்கள் இருக்கிறீர்கள் என்று எழுதப்போகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நாளைக்கு எழுதேலாதா?
லீசிங்காரனும் ஆழ்ந்த அனுதாபம்
போட்டிருக்கிறான்."

எழுதினேன். நாலு வரி.
இருக்கிறார். இடது கால். வீட்டில்.
விடியும்வரை பதினேழு பேர் வாசித்தார்கள்.
ஒருவன் மட்டும் கீழே கேட்டிருந்தான்:
ஆதாரம்?

கிராண்ட்பாஸில் முதல் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.
ஏறாமல் யோசிக்கிறேன்.
அந்தப் பாத்திரச் சத்தத்தை
எப்படி இணைப்பது?