கெண்டை

இரவு இரண்டு மணி. கொளத்தூரில் கரண்ட் இல்லை.
கெண்டைக்காலில் ஏதோ துள்ளுகிறது,
பெயருக்கேற்ற மீன்.

நரம்பு டாக்டர் ஊசி குத்திப் பார்த்தார்.
திரையில் கோடு ஓடியது.
"ஒண்ணுமில்ல, காபியைக் குறைங்க."
குறைத்தேன். அது குறையவில்லை.

கடைவாயில் பதினெட்டு வருஷமாக
ஒரு குண்டுமணிப் பாதரசம்,
அயனாவரத்தில் முந்நூறு ரூபாய்க்கு அடைத்தது.
நாக்கு அங்கேயே போய் நிற்கிறது.
எடுத்துவிடலாமா என்றால்
பல் டாக்டர் சிரிக்கிறார்:
"சும்மா கிடக்கிறதக் கிளறாதீங்க மேடம்."

பல்லி விழுந்தால்கூடப்
பஞ்சாங்கம் ஒரு பலன் சொல்கிறது.

கரண்ட் வந்துவிட்டது.
தூக்கத்தில் புரண்ட தங்கதுரையின் கை
துடிக்கும் இடத்தில் விழுகிறது.
"போன் வைப்ரேட் ஆவுது, எடு" என்கிறான்.

எடுக்க வேண்டாம் என்கிறேன்.