மறுமுனை

கிரிம்ஸ்பியில் மழை நேராகப் பெய்யாது.
கடலிலிருந்து குறுக்கே வரும்,
குடைக்கடியில் புகுந்து முகத்தைத் தேடும்.
அப்படியொரு செவ்வாய் மாலை
குளிர்கால பூட்ஸை எடுத்துப்போகப்
பழைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.
சாவி இருந்தது. ஆனாலும் தட்டினேன்.

நெவில் திறந்தான். "வா, கையில வேலை இருக்கு."
பதினோரு வருஷமும் இதுதான் அவன் வரவேற்பு.

சமையல் மேஜையில் எல்லாம் அப்படியே.
நிக்ரோம் கம்பி, மெல்லியது, அதைவிட மெல்லியது,
மயிரிழைக்குப் பங்காளியாக ஒன்று,
வெட்டுக்குறடு, பீங்கான் முனை இடுக்கி,
பஞ்சுத் தாள், ஓம் மீட்டர், கை டிரில்,
ஒரு வெண்ணெய் டப்பா நிறையச்
சரியாக வராத காயில்கள்.
மாம்பழம் என்று பாட்டில் சொல்லிக்கொள்ளும்
ஏதோ ஒரு வாசனை.

கடையில் விற்கும் காயிலை வாங்கமாட்டான்.
"மெஷின் சுத்தினது. எதுக்குச் சுத்துறோம்னு தெரியாமச் சுத்தினது."
சிகரெட்டை விட்ட கை சும்மா இருக்காது,
அதற்கொரு வேலை வேண்டும் என்றுதான் நினைத்தேன்.
அந்த வேலைக்கு என் கையும் வேண்டும் என்பது
பிறகு தெரிந்தது.

இரண்டு கம்பிகளை அருகருகே கிடத்தி
ஒரு நுனியை டிரில்லின் வாயில் கொடுப்பான்.
மறுநுனி என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே.
டிரில் சுழலச் சுழல
இழைக்கம்பி அவற்றின்மேல் ஏறிப் போர்த்தும்.
"அசையாமப் பிடி."
"தளர்த்தாதே."
"மூச்சு விடாதே, லொரெய்ன்."
மீன் ஆலையில் எட்டு மணி நேரம்
காட் மீனின் முள் பிடுங்கிய விரல்கள்.
மரத்துப்போயிருக்கும். பிடித்தேன்.

ஒவ்வொரு தடவையும் பாதியில்
கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்ளும்.
டிரில்லை நிறுத்துவான். ஒன்றும் சொல்லமாட்டான்.
அவன் சொல்லாததையெல்லாம் நான் கேட்டேன்.
வெண்ணெய் டப்பா நிறைந்தது.

இன்று நான் நிற்கும் அந்த மேஜை ஓரத்தில்
ஒரு கிளாம்ப்.
அதன் பல்லில் ஒரு தூண்டில் சுழலி,
நரம்பு முறுக்காமலிருக்க மீன்பிடிப்பவர்கள் கோர்ப்பது.
பித்தளை. கோதுமைமணி அளவு.
"துறைமுகக் கடையில பத்து மூணு பவுண்டு" என்றான்.
"தும்மாது."

டிரில் சுழன்றது.
சுழலியும் சுழன்றது.
நடுவில் இரண்டு கம்பிகளும்
ஒன்றையொன்று மிதிக்காமல்
கூடவே உருண்டன.

மூன்று மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று.
கால்களைத் தூண்களில் செருகித் திருகினான்,
மிச்சத்தை நறுக்கினான்,
பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டான்.
ஓரத்துச் சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தது.
சீப்பின் பல்லை நகத்தால் மீட்டுவதுபோல
இடுக்கியால் வருடினான். மறுபடியும். இன்னொரு தரம்.
இப்போது நடுவில் பற்றி
இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடியது ஆரஞ்சு.
புள்ளி மூன்று எட்டு என்றது மீட்டர்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பாராட்டுக்காக.
அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் விளங்கியது.
எனக்கு மட்டுமாகவும் இருக்கலாம்.
குற்றம் என் விரலில் இல்லை.
அசையாமல் பிடி என்றான்,
அசையாமல்தான் பிடித்தேன்.
ஒரு முனை சுழல, மறுமுனை மரமாக நின்றால்
முறுக்கு வேறெங்கே போகும்?

"அப்படின்னா…" என்று தொடங்கினான்.
பிறகு பஞ்சைத் திரித்து உள்ளே இழுத்தான்.
இறுகினால் சாறு ஏறாது, தளர்ந்தால் ஒழுகும்.
நுனிகளைக் கத்தரித்து மடித்தான். சொட்டுவிட்டான்.
முதல் இழுப்பை என்னிடம் நீட்டினான்.
நான் புகைப்பதில்லை என்பது
இன்னும் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை.

பூட்ஸோடு வெளியே வந்தேன்.
பஸ் நிறுத்தத்தில் கோட்டுப் பைக்குள்
சில்லறை தேடிய விரலில்
குளிர்ச்சியாக ஏதோ இடறியது.
எப்போது எடுத்தேன் என்று தெரியாது.
மீதி ஒன்பது. அவன் எண்ணமாட்டான்.

ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு
மற்றதை நகத்தால் தட்டினேன்.
சுற்றியது.
பஸ் பன்னிரண்டு நிமிஷம் தாமதம்.