பதினேழாம் இரவு, இலக்கந்தை

புல்மோட்டையில் மண் கறுப்பு.
அள்ளினால் கை எதிர்பாராத பாரம்.
அரிசிமலையில் அதே கடல்
மணலைக் குருணை குருணையாய்ப் புடைத்துக்
கொட்டியிருந்தது.
டிலக்சி ஒரு பிடியை நெருப்புப்பெட்டியில் அடைத்துத்
திகதி எழுதினாள்.
ஒரு முகாமுக்கு ஒரு பெட்டி.
என் கொப்பியில் வேறு கணக்கு:
தண்ணீர் எத்தனை லீற்றர்,
பாண் எத்தனை றாத்தல்,
யார் முதலில் கோபித்தது.

குச்சவெளி உப்பளத்தில்
நெடுங்கால் உள்ளான்கள்
சிவந்த கால்களை ஒவ்வொன்றாய்ச்
சேற்றிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு நடந்தன,
கடன் கொடுத்தவர்களைப்போல.
கொசு. காற்று. மீண்டும் கொசு.

புறாமலையில் உடைந்த பவளம்
காலடியில் பீங்கான் சத்தம் போட்டது.
முழங்காலளவு தண்ணீரில்
செட்டை நுனியில் மை தொட்ட சுறாக்குட்டிகள்
எங்களைச் சுற்றிப் போயின.
பயந்தது நான்.
அவை எங்களை இரண்டு பாறைகளாக
ஏற்கெனவே முடிவுசெய்திருந்தன.

பிறகு ஜவாஹிரின் படகு.
ஆழங்காட்டியில் இருபத்திரண்டு, நாற்பது,
நூற்றெண்பது,
அதன்பின் எண் இல்லை.
மூன்று சிறு கோடுகள் மட்டும் மினுங்கின.
"இதுக்குக் கீழ அளக்க
இந்த மெசினால ஏலா," என்றான்.
பின்னால் கோணமலை இன்னும் தெரிகிறது,
கோயில் மணியும் கேட்குமென்று தோன்றும் தூரம்.
அதற்குள் நிலம் முடிந்து
மலைநாடு ஒன்று தலைகீழாய்த் தொடங்கிவிடுகிறது.
மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து போடுகிற
தேயிலைச் சரிவுகளின் மண்ணெல்லாம்
இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி
இன்னும் விழுந்துகொண்டிருக்கலாம்.
எங்கள் காலுக்கும் அதற்கும் நடுவே
ஒரு விரற்கடை பைபர்.

இரண்டு மணித்தியாலம் எஞ்சினை நிறுத்தியிருந்தோம்.
திமிங்கிலம் வரவில்லை.
தண்ணீரில் மட்டும் செங்கல் கரைத்தாற்போல
ஒரு பாய் அளவு சிவப்பு மிதந்தது.
ஜவாஹிர் சிரித்தான்:
"பேண்டுட்டு இப்பதான் போயிருக்கு."
டிலக்சி வெறும் பெட்டி ஒன்றைத் திறந்தாள்,
யோசித்தாள், மூடினாள்.

மூதூர் இறங்குதுறையில்
படகுக் காசைக் கொப்பியில் எழுதி,
பக்கத்தில், "சிவப்புத் தண்ணீர் பார்க்க" என்று
நானும் எழுதியிருக்கக்கூடாது.
அவள் வாசித்துவிட்டாள்.
சம்பூர் தாண்டும்வரை
இரண்டு முதுகுப்பைகள் மட்டுமே
ஒன்றோடொன்று உரசிப் பேசின.

இலக்கந்தையில் நிலவில்லை.
கூடாரம் அடித்தோம், ஆளுக்கொரு பக்கம் படுத்தோம்.
நடுச்சாமம்
துணியில் பொலபொலவென விழுந்தது.
மழை என்று நினைத்தேன். மணல்.
மிக அருகே யாரோ மூச்சு வாங்கினார்கள்,
மூட்டை இறக்கிய ஆளைப்போல
நீளமாய், ஒருமுறை.
டோர்ச்சைத் தொட்ட என் மணிக்கட்டை
ஒரு கை வந்து பிடித்தது.
"ஆமை," என்றாள் டிலக்சி,
இரண்டு நாளைக்குப் பிறகு முதற்சொல்.

பங்குனி ஆமை, மாதம் தவறவில்லை.
கூடாரக் கயிற்றுக்கு இரண்டு முழத்தில்
பின்துடுப்பால் தோண்டுகிறது.
எங்கள் மேல் வாரி எறிகிறது.
எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.
அசைய விடவில்லை அவள்.
சிரிப்பையும் அடக்கவேண்டியிருந்தது,
அதுதான் இன்னும் கஷ்டம்.
கடலில் எஞ்சின் நிறுத்திக் கிடந்த அதே நேரமளவு
இங்கேயும் கிடந்தோம்.
இம்முறை பார்க்க வந்தது யார் என்பது
அவ்வளவு தெளிவில்லை.

விடியலில்
உழவு இயந்திரம் ஏறி இறங்கியதுபோல் தடம்.
முளைக்கம்பு ஒன்றைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.
கிராமத்து நாய்கள் வருவதற்குள்
கூடாரத்தின் மேல்துணியால்
பின்னோக்கி நடந்து நடந்து
கரையைக் கூட்டினோம்.
அதன் தடத்தோடு எங்களுடையதும் போயிற்று.
பெட்டி எடுக்கவில்லையா என்றேன்.
"விடு."

வெருகலில் துணியை உதறி விரித்தபோது
மடிப்புகளிலிருந்து ஒரு கை மணல் விழுந்தது.
அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
பிறகு அடுப்பு மூட்டினோம்.
அன்றைய பக்கத்தில் எழுதினேன்:
தண்ணீர் நான்கு லீற்றர். பாண் இல்லை.